மொபெட்டுக்குப் பின்னால் ஒரு மனைவி

பெண்டாட்டியைக் கொடுமைப்படுத்துகிறவன் என்று திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் பெயர் வாங்கியவன் நான். அதுவும் ஒன்றரை மாதத்தில்.

பெயர் தொம்மை. தொழில், சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்து பத்திரம் எழுதுவது. உட்கார்ந்து உட்கார்ந்து உடம்பு நான்கு எல்லையும் தாண்டி விரிந்துவிட்டது. இந்த உடம்பால் யாருக்கும் பிரயோஜனம் இருக்கும் என்று நானே நினைத்ததில்லை. என் மனைவி இருதயசெல்விதான் கண்டுபிடித்தாள்.

செல்வி சைக்கிள் ஓட்டிச் சம்பளம் வாங்குகிறவள். 1993இல் விளையாட்டு ஒதுக்கீட்டில் விழுப்புரத்தில் வேலை கிடைத்தது. அலுவலகத்தில் அவளுக்கு ஒரு மேசை உண்டு. ஆனால் வருஷத்தில் பாதி நாள் அவள் வடக்கே எங்காவது இருப்பாள். ரோட்டில் ஒரு போட்டி, கிண்ணம் மாதிரி சரிந்த சிமெண்ட் வளையத்தில் ஒரு போட்டி. அந்த வளையத்தில் ஓட்டுகிற சைக்கிளுக்கு பிரேக்கே கிடையாது. கல்யாணமான புதிதில் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கடைத்தெருவுக்குப் போய்வரலாம் என்று நான் எடுத்து ஓட்டி, நேராக வாழைக்காய் மண்டிக்குள் போய் நின்றேன். அன்றிலிருந்து அவளுடைய தொழிலில் நான் தலையிட்டதில்லை.

எங்கள் மகள் டயானா பிறந்த பிறகு இரண்டு வருஷம் போட்டி இல்லை. 2001 தவக்காலத்தில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மே மாதம் அணித் தேர்வு. முப்பது கிலோமீட்டரை நாற்பத்தாறு நிமிஷத்துக்குள் ஓட்டினால் அணியில் இருக்கலாம். இல்லையென்றால் மேசை, கோப்பு, பத்து மணி முதல் ஐந்து மணி. பயிற்சிக்கு விடுப்பு கிடையாது. செல்விக்கு வயது இருபத்தெட்டு. ஒருதரம் வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்று அவளுக்குத் தெரியும். கடிதத்தைப் படித்த அன்று ரோட்டில் ஓட்டிப் பார்த்தாள். நாற்பத்தொன்பது நிமிஷம்.

"ஏங்க, ஒங்க வண்டிய எடுத்துக்கினு முன்னால போங்க. நான் ஒட்டிக்கினே வர்றேன்."

"எதுக்கு?"

"காத்த மறைக்கறதுக்கு. நீங்க நல்ல அகலம்."

முன்னால் வண்டி காற்றை மறைத்துக்கொண்டு போனால், பின்னால் வருகிற சைக்கிள் தன்னால் முடிந்ததைவிட வேகமாகப் போகுமாம். காலுக்கு அந்த வேகம் பழகிவிட்டால் தனியாகவும் போகலாமாம். என்னிடம் இருந்தது ஒரு டி.வி.எஸ். ஃபிப்டி. ஐம்பதைத் தொடும்போது என் பல்லெல்லாம் ஆடும். செல்வி மூன்று கட்டளைகள் போட்டாள். திரும்பிப் பார்க்கக் கூடாது. பிரேக் போடக் கூடாது. பேசக் கூடாது. அவளுடைய முன்சக்கரம் என் பின்சக்கரத்துக்கு ஒரு ஜாண் தள்ளித்தான் வரும். நான் பிரேக்கைத் தொட்டால் அவள் என் முதுகில் ஏறிவிடுவாள். விலகியே ஆக வேண்டுமானால் இடது கையை ஆட்டிவிட்டு விலக வேண்டும். அவள் நேராகப் போய்விடுவாள். எல்லாவற்றுக்கும் 'ங்க' போட்டுத்தான் சொன்னாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

விடிந்ததும் கிளம்புவோம். இதை நீங்கள் ரோட்டோரத்தில் நின்று பார்க்கிறவர்களாக யோசித்துப் பாருங்கள். ஒரு தடியன் மொபெட்டில் சாவகாசமாக உட்கார்ந்து போகிறான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண், குனிந்து, வியர்த்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, சைக்கிளை மிதித்துத் தள்ளுகிறாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் வாரம் சும்மா முறைத்தார்கள். இரண்டாவது வாரம் வாய் திறந்தார்கள்.

"யோவ்! அந்தப் பொம்பளய ஏத்திக்கினு போனா இன்னாய்யா, கொறஞ்சா பூடுவ?"

"ஒக்காந்துக்கினு போறாம் பாரு, நெல் மூட்ட மாதிரி!"

விக்கிரவாண்டியில் ஒருவர் கரும்புத் துண்டை எறிந்தார். பதில் சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது. நிற்கக் கூடாது, திரும்பக் கூடாது, பேசக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். முறுக்கினால், "பாத்தியா, திட்டுனா இன்னும் ஜல்தியா போறான்" என்றார்கள்.

கூட்டேரிப்பட்டில் டீக்கடை வைத்திருக்கும் நடராசன்தான் இதில் தலைமை. பயிற்சி இல்லாத ஒரு வியாழக்கிழமை, விளக்கிவிடலாம் என்று அவர் கடைக்குப் போனேன். அது என் புத்தி.

"அண்ணே, அவங்க சைக்கிள் வீராங்கனை. அதுக்குத்தான் சம்பளம் வாங்கறாங்க."

நடராசன் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "சம்பாரிக்கிற பொண்ணா? சம்பளத்த நீ வாங்கிக்கினு, அதுக்கு ஒரு வண்டி வாங்கித் தரமாட்ட. அப்பிடித்தான?"

"இல்லண்ணே. நான் முன்னால போனாத்தான் அவங்களுக்குக் காத்து மறைக்கும்."

"காத்தையே மறைக்கிறியா! எம்மாம் பெரிய ஆளுய்யா நீ!"

கடையோரம் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் முனியம்மாள் கூடையிலிருந்து தலையைத் தூக்கினார். "கைக்கொழந்தக்காரின்னு வேற சொல்றாங்க. நல்லா இருப்பியாடா நீ?"

டீக்குக் காசு கொடுத்தேன். நடராசன் வாங்கவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். என் காசைத் தொடப் பிடிக்கவில்லை.

செய்தி எனக்கு முன்பே திண்டிவனம் போய்ச் சேர்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாலைப் பூசையில் சாமியார் கணவர்களின் கடமை பற்றிப் பிரசங்கம் வைத்தார். பேர் சொல்லவில்லை. ஆனால் நாலு வரிசை திரும்பி என்னைப் பார்த்தது. பக்கத்தில் செல்வி, முந்தின நாள் களைப்பில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அதையும் பார்த்தார்கள். அடுத்த நாளே பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், பாவத்தை விட்டுவிட்டுச் சைக்கிள் விவரத்தை எல்லாம் சொன்னேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார்.

"புரியுதுப்பா. அப்ப ஒரு நாள் அவங்க சைக்கிள், ஒரு நாள் நீ சைக்கிள்னு மாத்தி மாத்தி ஓட்டலாமே."

வீட்டுக்கு வந்து, இனி என்னால் முடியாது, வேறு ஆளைப் பார் என்றேன். செல்வி டயானாவுக்குக் கேப்பைக்கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நோட்டை என் பக்கம் தள்ளினாள். வாரத்துக்கு ஒருதரம் தனியாக ஓட்டிப் பார்த்த நேரம். 48.40. 48.05. 47.30. கடைசி வரி 47.10.

"இன்னும் ஒரு நிமிஷம்தாங்க," என்றாள்.

மறுநாள் விடியும்போது வண்டியில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தேன்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அது நடந்தது. கூட்டேரிப்பட்டை நெருங்குகிறேன், முள் நாற்பத்தெட்டில் இருக்கிறது. தூரத்தில் ரோட்டின் நடுவே நடராசன் சிவப்புத் துண்டை விரித்து ஆட்டுகிறார். கூட ஏழெட்டுப் பேர். ஓரத்தில் ஒரு பால் வேன். அந்தப் பெண்ணையும் சைக்கிளையும் வேனில் ஏற்றிச் சுகமாக விழுப்புரத்தில் இறக்கிவிடுவது, என்னை நாலு கேள்வி கேட்பது என்று ஊர் கூடி முடிவு செய்திருந்ததாம். பின்னால்தான் தெரிந்தது. நல்ல எண்ணம். நல்ல எண்ணக்காரர்கள் எனக்கு வைத்த மாதிரி ஆப்பை எந்த எதிரியும் வைத்ததில்லை.

பிரேக் போட்டால் செல்வி செத்தாள். இடது கையை ஆட்டினேன். இடப்பக்கம் விலகினேன். ஓரத்தில் உலர்த்தியிருந்த மல்லாட்டைப் பரப்புக்குள் வண்டி புகுந்தது. அப்புறம் வண்டி தனியாகப் போனது, நான் தனியாகப் போனேன். என்னைப் பிடிக்கக் கூட்டம் மொத்தமும் இந்தப் பக்கம் ஓடி வர, ரோட்டில் ஓர் ஆள் அகலத்துக்கு வழி திறந்தது. 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். செல்வி அதில் போய்விட்டாள்.

மல்லாந்து கிடக்கிறேன். வலது மணிக்கட்டு வேறு யாருடையதோ போல் தொங்குகிறது. சட்டைக்குள் பச்சை மல்லாட்டை. சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தார்கள்.

"நிக்கலியேடி அவ!" என்றார் முனியம்மாள்.

"புருசன் உழுந்து கெடக்கறான், திரும்பிக்கூடப் பாக்காம போறா பாரு," என்றார் நடராசன். "இவளுக்குப் போயா நாம பரிஞ்சிக்கினு நின்னோம்?"

ஒன்றரை மாதமாகத் தொண்டையில் அடைத்திருந்தது அப்போது வெளியே வந்தது.

"யோவ்! அவ நின்னிருந்தாத்தான்யா நான் அழுதிருப்பேன்! நான் உங்ககிட்ட வாங்கின பேச்சு, சாமியார்கிட்ட வாங்கின பேச்சு, அந்தக் கரும்பு, எல்லாம் எதுக்கு? அவ நிக்காம போறதுக்குத்தான்! போறா பாருங்கய்யா, ஒழுங்கா பாருங்க! முன்னால ஆளில்லாம போறா!"

எல்லோரும் பார்த்தார்கள். புளியமரங்களுக்கு நடுவே அவள் ஒரு புள்ளியாகிக்கொண்டிருந்தாள். வேகம் குறைந்த மாதிரி தெரியவில்லை.

"ஆமாய்யா," என்றார் நடராசன் மெல்ல. "மொபெட்டு கணக்காத்தான் போறா."

அவளுக்கு என்று கொண்டுவந்த வேனில் என்னை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாவுக்கட்டு காய்ந்துகொண்டிருக்கும்போது வராந்தாவில் டக் டக் என்று சைக்கிள் ஷூ சத்தம். முகமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"விழுப்புரம் போய்ப் பாத்தாத்தான் நீங்க பின்னால வரலன்னு ஒறச்சுது. ரொம்ப வலிக்குதுங்களா?"

"எவ்வளவு ஆச்சு?" என்றேன்.

"கணக்குப் போட்டா இன்னும் அர நிமிஷம் இடிக்குதுங்க."

முன்னால் போக இனி ஆள் இல்லை. வாசலில் துண்டைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்த நடராசன் தொண்டையைக் கனைத்தார். "எங்கிட்டயும் ஒரு மொபெட்டு கீதுமா. பால் வண்டி."

நடராசன் ஈர்க்குச்சி. அவர் உடம்பு ஒரு கொசுவுக்குக்கூடக் காற்றை மறைக்காது. ஆனால் இரண்டு பக்கமும் பால் கேனைக் கட்டிக்கொண்டு ஓட்டினார். மூன்றாம் நாள் செல்வி வந்து, "ஒங்களவிட நல்லாவே மறைக்குதுங்க," என்றாள். கையைவிட அது வலித்தது. விக்கிரவாண்டியில் இப்போது அவருக்கு நடக்கிறதாம். "பாவம், நல்லாத் திட்டறாங்க அண்ணன," என்றாள். எனக்குப் பரிதாபம் வரவில்லை என்பதைக் கர்த்தர் மன்னிக்க.

தேர்வு விழுப்புரத்திலிருந்து வளவனூரைத் தாண்டிப் போய்த் திரும்பும் பாதையில். ஒவ்வொருவராக, நிமிஷம் விட்டு அனுப்பினார்கள். செல்வி போன பிறகு, பத்து வருஷத்துக்கான நேரத்தை அங்கே நின்று தீர்த்தேன். இடது கையில் ஸ்டாப் வாட்ச்.

கடைசியில் அவள் தெரிந்தாள். எதிர்க்காற்று. கரும்புத் தோகையெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. குனிந்த தலை, இப்படியும் அப்படியும் ஆடும் தோள். அவளுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இத்தனை நாள் அவள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தாள். எப்படி ஓட்டுகிறாள் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றதில், அவள் கோட்டைத் தாண்டியபோது வாட்சை அமுக்கவில்லை.

"எவ்வளவுங்க?" மூச்சு வாங்கியபடி வந்து தரையில் உட்கார்ந்தாள்.

நான் வாட்சைப் பின்னால் மறைத்தேன். மேசையிலிருந்தவர் எழுதிவிட்டுத் தலையைத் தூக்கினார். "நாப்பத்தஞ்சு அம்பத்தேழு."

மூன்று விநாடி. செல்வி தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் தட்டிக்கொடுத்தேன். நானும் கொஞ்சம் அழுதேன். காற்றில் தூசி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என் மாவுக்கட்டைச் சுண்டிப் பார்த்தாள்.

"இத எப்ப அவுக்கறாங்க?"

"இன்னும் நாலு வாரம்."

"ரெண்டு வாரத்துல அவுக்கச் சொல்லுங்க. ஜூலையில நேஷனல்ஸ்."