மிதவை உரசிய சத்தம்

1

“தட்டுச்சா?”

உப்பனாற்றின் நடுவில் பாய்க்கயிற்றைப் பிடித்தபடி சத்யப்பிரியா கேட்ட கேள்வி இது. இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது. அவள் கேட்டு இருபது நாளாகிறது. பதில் சொன்னவள் பெயர் வெண்மதி. அது என் பெயர்தான். ஆனால் ‘நான்’ என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது. அதனால், வாசகரே, அவளை ‘அவள்’ என்றே எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: காலைச் சூரியன் உப்பனாற்றில் பொன்னை உருக்கி—

(வேண்டாம். அன்று மேகமூட்டம்.)

பிறகு இப்படி: மாற்றுத்திறனாளிகளின் பாய்ப்படகுப் போட்டி என்பது தன்னம்பிக்கையின்—

(இதைப் பரிசு கொடுக்க வருகிறவர்கள் பேசட்டும்.)

2

வெண்மதி கடலூர் முதுநகரில் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பத்தாம் வகுப்பை மாடியில் வைத்திருந்தார்கள். இரண்டு ஊன்றுகோலோடு அவள் படியேறுவதைப் பள்ளிக்கூடமே நின்று பார்க்கும். ஒரு வாரம் ஏறினாள். அதன் பிறகு வீட்டிலிருந்து நோட்டில் எழுதத் தொடங்கினாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஏழு நோட்டுகள் இருக்கின்றன. வீட்டில் யாருக்கும் தெரியாது.

சத்யப்பிரியா சிதம்பரத்துக்காரி. பிறவியிலேயே பார்வை இல்லை. வாய் மட்டும் இரண்டு பேருக்கானது. பாய்ப்படகுப் பயிற்சியாளர் ஆரோக்கியராஜ் ஞாயிறுதோறும் இருவரையும் ஒரே படகில் அருகருகே உட்காரவைத்தார். வெண்மதி திசை திருப்புவாள், சத்யப்பிரியா பாயை இழுப்பாள். காற்று மாறுவதை அவள் பிடரியிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

“கண்ணு எனக்குத்தான்டி இல்ல. ஒனக்குத் தோலுமா இல்ல? காத்து மாறிப்போச்சு, திருப்பு” என்பாள்.

வாரம் முழுவதும் சேர்த்துவைத்த பேச்சையெல்லாம் வெண்மதி அந்தப் படகில்தான் பேசுவாள். மற்ற ஆறு நாளும் அவள்—

(நோட்டு ஏழு ஆனது அப்படித்தான்.)

3

ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றிவர வேண்டிய மிதவையைப் படகு தொட்டுவிட்டால், விலகிப்போய் ஒரு முழு வட்டம் அடித்துவிட்டுத்தான் தொடர வேண்டும். நடுவர் பார்க்காவிட்டாலும் அப்படித்தான். தொட்டவர்களே ஒத்துக்கொண்டு சுற்ற வேண்டும்.

அன்று தேசியப் போட்டிக்கான தேர்வு. ஜெயிக்கிற ஒரு படகு மட்டும் போகும். கடைசி மிதவையில் இவர்கள் முன்னால், இரண்டு படகு நீளம் பின்னால் தூத்துக்குடிக்காரர்கள். வெண்மதி நெருக்கித் திருப்பினாள். சத்யப்பிரியா பக்கத்தில் மிதவை உரசியது.

“தட்டுச்சா?”

“இல்லடி. வலை மெதப்பு.”

உப்பனாற்றில் மீனவர்கள் வலைக்குக் கட்டிவிடும் மிதப்புகள் நிறைய உண்டு. அவற்றைத் தொட்டால் குற்றமில்லை. ஆனால் அவை காலி பிளாஸ்டிக் பாட்டில்கள், டொக்கென்று ஒரு சத்தம்தான் வரும். காற்றடைத்த பெரிய மிதவையோ கீறிக்கொண்டே போகும். காதை வைத்தே பிழைக்கிறவளுக்கு இது—

“சரி” என்றாள் சத்யப்பிரியா. கயிற்றை இழுத்தாள். ஜெயித்தார்கள்.

4

இங்கேதான் கதை நின்றுபோனது. சத்யப்பிரியா என்கிற பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. தெரிந்தேதான் ‘சரி’ என்றாளா? அப்படியானால் பொய்யில் அவளுக்கும் பாதி. நம்பிச் சொன்னாளா? அப்படியானால் அவளுக்குத் தெரியாது என்கிற தைரியத்தில் வெண்மதி அவளை ஏமாற்றியிருக்கிறாள்.

ஒரு முடிவில் வெண்மதி வட்டம் அடிக்கிறாள். இருவரும் தோற்று, சிரித்துக்கொண்டே கரைக்கு வருகிறார்கள். படிக்க நன்றாக இருந்தது. கிழித்துவிட்டேன். இன்னொன்றில் ஆரோக்கியராஜ் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொல்கிறாள். அதில் அவள் தங்குதடையில்லாமல் பேசுகிறாள். நம்பும்படி இல்லை.

5

(இதைத் திரும்பிவரும் பாசஞ்சர் ரயிலில் எழுதுகிறேன். எழுத்து ஆடும்.)

நாளை தேசியப் போட்டிக்குப் பெயர்களை அனுப்புகிறார்கள். இன்று வெண்மதி நோட்டோடு சிதம்பரம் போனாள். யாருக்கும் காட்டாத நோட்டு. காட்டினாலும் சத்யப்பிரியாவால் படிக்க முடியாது. வாய்விட்டுத்தான் வாசிக்க வேண்டும்.

“என்னா அதிசயம். ரயிலேறி வந்துருக்க. வாயத் தொறக்கத் தனியா டிக்கெட் எடுத்தியா?” என்றபடி சத்யப்பிரியா பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

வெண்மதி வாசித்தாள். ‘வாய் மட்டும் இரண்டு பேருக்கானது’ என்ற இடத்தில் சத்யப்பிரியா சிரித்தாள். மூன்றாம் பகுதியில் சிரிப்பு இல்லை. நான்காவது முடிந்ததும் வெண்மதி நோட்டில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்.

“ஒனக்குத் தெரியுமாடி?”

(பதிலுக்காக ஒரு பக்கம் விட்டுவைத்திருந்தேன். அது வெள்ளையாகவே இருக்கிறது. காலையில் ஆரோக்கியராஜ் சாருக்கு போன் போட வேண்டும். அதில் வெண்மதி பேசப்போவதை நீங்கள் அந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:)

சத்யப்பிரியா மடித்துவைத்திருந்த வெள்ளைக்கோலை ஒவ்வொரு மடிப்பாக நீட்டினாள். எழுந்தாள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பதுபோலப் பிடரியைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கோலால் தரையைத் தடவிக்கொண்டே நடந்து போனாள்.