உரியாத கிளிப்பச்சை

“பிடிக்கலைன்னா வாழைப்பழத் தோல் மாதிரி உரிச்சுடலாம்” என்று சொல்லித்தான் காருக்கு கிளிப்பச்சை ரப்பர் பூச்சு அடித்தேன். ஐந்து பூச்சு அடிக்க வேண்டியது. என் அவசரப் புத்தி, இரண்டோடு நிறுத்திவிட்டேன். இன்று மாமனாரின் இறுதி ஊர்வலம். சவ வண்டிக்குப் பின்னால் முதல் கார் எங்களுடையது. விடிந்ததிலிருந்து கேரேஜில் சுரண்டுகிறேன், நகமளவுதான் வருகிறது.

கறுப்பு உடையில் என் மனைவி ரோண்டா வந்து நின்றாள். “என்ன வெல்டன், வாழைப்பழம் உரிஞ்சுதா?”

“மெல்லிசா அடிச்சது உரியாதாம். மேல இன்னும் மூணு பூச்சு அடிச்சாத்தான் மொத்தமா வரும்.”

“எதை?”

“இதே பச்சையை. காய நாலு மணி நேரமாகும்.”

ஊர்வலத்துக்கு அரை மணி இருந்தது. அவள் கார்க் கதவைத் திறந்தாள்.

“உன்னை நம்பாதேன்னு அப்பா தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. ஏறு. அவர் சொன்னது சரிதான்னு டேட்டன் ஊரு முழுக்கப் பார்க்கட்டும்.”