நடுத்துண்டுக்குச் சொந்தக்காரி

பொத்தான் கடைக்காரிக்கு அசைக்க முடியாத கொள்கை ஒன்று இருந்தது: சாம்பிள் பார்க்காமல் சரக்கு எடுப்பதில்லை. கல்யாண விஷயத்தில் மட்டும்தான் அது காற்றோடு போயிற்று. மனைவியை இழந்த பெயிண்ட் கடைக்காரரை, அவருடைய ஒன்பது வயது மகளோடு சேர்த்து, மொத்தக் கொள்முதலாக எடுத்துக்கொண்டாள்.

சரக்கில் குறை சொல்ல முடியாது. மனிதர் தங்கம். வீட்டில் வாண்டு என்று கூப்பிடப்பட்ட மகள்தான், இத்தனை மாதமாகியும் அவளை எந்த முறை வைத்தும் அழைக்கவில்லை. ‘இங்க’, ‘இதோ’, ‘கேக்குதா’ என்று மூன்று சொல்லை வைத்துக்கொண்டே குடித்தனத்தை ஓட்டிவந்தாள். ஒரே ஒரு ‘அம்மா’வுக்குப் பொத்தான் கடைக்காரி எந்த விலையும் கொடுத்திருப்பாள். விலை சொல்லத்தான் ஆளில்லை.

ஆகவே விடுமுறைக்கு, இரண்டு நாள் தங்கலாகத் தீம் பார்க். கையில் மாட்டிவிட்ட பட்டையைக் காட்டினால் போதும், உள்ளே எந்தக் கடையிலும் சாப்பிடலாம். முதல் மனைவி இருந்தபோது அவர்கள் வருஷம் தவறாமல் வந்த இடம் அது.

“போன இடத்துக்கே எதுக்குங்க மறுபடியும்?” என்று கேட்டுப்பார்த்தாள்.

“பழகின கடையில ஏமாற மாட்டோம்” என்றார் அவர். வியாபாரி வாயிலிருந்து அப்படியொரு நியாயம் வந்தால் இன்னொரு வியாபாரி என்ன சொல்வது?

வாசலைத் தாண்டியதும் சுட்ட சோளம். அவர் ஒரே கதிரை வாங்கி மூன்றாக ஒடித்தார். தட்டு ஒன்று, வாய் மூன்று என்பது அவர் வீட்டு வழக்கம். நுனி வாண்டுக்கு, அடி தனக்கு, நடுத்துண்டு அவளுக்கு. அவர் கையே போய் அதன்மேல் எலுமிச்சையைப் பிழிந்தது. அவளுக்குப் பிடித்தது கருகிய நுனி. புளிப்பென்றாலோ காதோரம் கூசும்.

“எலுமிச்சை வேணாங்க.”

“ஆமால்ல” என்றார், திருட்டுச் சாமானோடு பிடிபட்டவர்போலக் கையிலிருந்த எலுமிச்சை மூடியைப் பார்த்துக்கொண்டு.

“பிடிக்குமே” என்றாள் வாண்டு.

“யாருக்கும்மா?” என்று கேட்டாள் பொத்தான் கடைக்காரி.

வாண்டு சோளத்தைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கேக்கில் நடுப்பாகம், ரொட்டியில் ஓரம் நீக்கிய நடுப்பாகம், ஐஸ்கிரீமில்கூட நடுவில் தோண்டிய ஒரு கரண்டி. எல்லாம் அவள் பக்கம் வந்தன. கொடுப்பவருக்குத் தான் கொடுப்பதே தெரியவில்லை. உயிரோடிருக்கும் சக்களத்தியென்றால் இழுத்துவைத்துப் பேசி ஒரு முடிவுக்கு வரலாம். செத்தவளோடு பேரம் நடக்காது. செத்தவர்கள் கடையில் ஒரே விலை.

ராட்டினத்தில் ஏறி இறங்கியவர்கள் தலை சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு ஏறாமலே சுற்றியது.

மறுநாள் காலை ரொட்டி வந்தபோது அவள் விரல்கள் ஓரத்தைப் பிய்த்து ஒதுக்கிவிட்டு நடுவை எடுத்தன. வாயில் போட்ட பிறகுதான் கவனித்தாள். பழக்க தோஷம் என்று சொல்லிக்கொண்டாள். ஒரே நாளில் எந்தப் பழக்கம் தோஷமாகிறது என்று அவளுக்குள்ளிருந்த கடைக்காரி கேட்டாள்.

மதியம் பேய் வீட்டை ஒட்டிய உணவகம். பரிமாறுகிறவன் முகத்தில் மண்டையோடு வரைந்து, உதட்டோரம் சிவப்புச் சாயம் வழியவிட்டிருந்தான். “வாங்க, உட்காருங்க, ஏசி பக்கம் வேணுமா?” என்று பேய் உபசரித்தது. வாண்டு சிரித்தாள். பெயிண்ட் கடைக்காரர், “தம்பி, இந்தச் சாயம் மட்டமானது. தோல் அரிக்கும்” என்று தொழில் ஆலோசனை வழங்கினார்.

“என்ன கொண்டுவரட்டும் மேடம்?”

அவள் மெனுவைத் திறக்கவில்லை. “மீன். நடுத்துண்டு. எலுமிச்சைய ரெண்டா நறுக்கி, கொட்டைய எடுத்துட்டு, பக்கத்துல வைங்க. பிழிய வேணாம், நான் பிழிஞ்சுக்கறேன்.”

தட்டு ஒன்று என்று சொல்ல விரலை உயர்த்திய பெயிண்ட் கடைக்காரர் அதை இறக்க மறந்துபோனார். பேய் எழுதிக்கொண்டு போயிற்று.

“கொட்டைய எடுக்கணும்னு உனக்கு யார் சொன்னா?”

“யாரும் சொல்லலைங்களே.”

“அவ அப்படித்தான் கேப்பா.” இதைச் சொன்னபோது அவர் குரல் பாதியாகியிருந்தது.

மீன் வந்தது. பிழிந்தாள், தின்றாள். காது கூசவில்லை. அவள் வாழ்நாளில் அப்படியொரு ருசியைக் கண்டதில்லை. நாக்கு நீரூறி அடுத்த வாய்க்குத் தவித்தது. அந்தத் தவிப்புதான் அவளை நடுங்க வைத்தது. அது ரொம்பநாள் பட்டினி கிடந்தவளின் தவிப்பு. அவளோ காலையில் மூன்று ரொட்டி தின்றவள். தன் வாயை யாரோ வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், அதுவும் தன்னிடம் கேட்காமலே.

தட்டைத் தள்ளிவிட்டுப் பேயைக் கூப்பிட்டாள். “தம்பி, வால் துண்டு இருக்கா? நல்லாக் கருக விட்டுக் கொண்டாங்க.” குரல் தன்னுடையதாக இருந்ததில் கொஞ்சம் தெம்பு வந்தது.

அப்போது வாண்டு அவள் முழங்கையைத் தொட்டாள்.

“அம்மா, எனக்கும் ஒரு வாய்.”

பொத்தான் கடைக்காரி தேடிய சரக்கு வந்தேவிட்டது. ஆனாலும் சாம்பிள் பார்க்கிற புத்தி எங்கே போகும்?

“யாரக் கண்ணு கூப்பிட்ட?”

வாண்டு அவள் முகத்தை ஆற அமரப் பார்த்தாள். “சாப்பிடறவங்கள.”

எதிரே அவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒருமுறைகூட அவர் அவளைப் பார்த்ததில்லை. பார்க்கமாட்டாரா என்று அவள் ஏங்கிய பார்வைதான் அது.

மண்டையோட்டுக்காரன் காத்திருந்தான். “அப்ப வால் துண்டுதானே மேடம்?”

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நடுவிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து, முள் பார்த்து, ஊதி, குழந்தையின் வாயில் வைத்தாள்.

“வேணாம் தம்பி” என்றது அவள் வாய். “இன்னும் ரெண்டு எலுமிச்சை.”