லைன் போச்சு

"எனக்குக் குணமாகுமா?" என்று நோயாளி கேட்டார். அதை மருத்துவரின் மொழியில் சொன்னேன். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாயைத் திறந்தார். திரையில் அப்படியே உறைந்துபோனார்.

குனிந்து மேசைக்கடியில் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்த வெள்ளைப் பெட்டியின் மூன்றாவது விளக்கு சிவந்திருந்தது.

"லைன் போச்சு" என்று படிக்கட்டுவரை போய்க் கத்தினேன். யாரிடம் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. திரும்பி வருவதற்குள் விளக்கு சுத்தமாக அணைந்துவிட்டது.

மருத்துவமனைகளுக்கு வீடியோவில் மொழிபெயர்க்கும் வேலை, பதினாறு வருடம் வீட்டோடு இருந்த பிறகு கிடைத்தது. இன்னும் சோதனைக் காலம் முடியவில்லை. இதோடு இரண்டு முறை அழைப்பு அறுந்தாயிற்று. மேற்பார்வையாளர் சுருக்கமாக எழுதியிருந்தார்: வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அதே நோயாளி. அதுவும் பாதியில் நின்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்.

ரௌட்டர் கீழே கூடத்தில், மாமனார் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாடி அறைவரை வைஃபை ஏறாது. அதனால் கணவர் இந்த வெள்ளைப் பெட்டிகள் இரண்டு வாங்கி வந்தார். ஒன்று ரௌட்டருக்குப் பக்கத்தில், மற்றது என்னிடம். வீட்டுக் கரண்ட் வயருக்குள்ளேயே நெட்டும் சவாரி செய்து மேலே வந்துவிடும். விளக்கு பச்சை என்றால் நன்றாக வருகிறது. சிவப்பு என்றால் தடுமாறுகிறது. அணைந்தால் இரண்டு பெட்டிக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"ஊர்ல எல்லாரும்தான் வச்சிருக்காங்க. உனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்றார் கணவர்.

"நான்தான் ஏதாவது தப்பா பண்ணியிருப்பேன்."

இந்த வீட்டில் எது பழுதானாலும் என் வாயிலிருந்து முதலில் வருவது இந்த வாக்கியம்தான். குழாய் ஒழுகினால்கூட. இதைச் சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு எதையும் தேடமாட்டார்கள், பேச்சு அடங்கிவிடும். அந்த அமைதிக்காகவே பழகிக்கொண்டேனோ என்னவோ.

புதன்கிழமை நெட்காரர் வந்து பார்த்தார்.

"கீழ வரைக்கும் நெட்டு ஜம்முனு வருது மேடம். ஆமா, இதை யாரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகினது?"

"நான்தான்." இந்த முறை அது உண்மை.

"அது பாதி நெட்டை வடிகட்டிடும். நேரா சுவத்துல சொருகுங்க."

சுவரில் செருகியதும் சிவப்பு பச்சையானது. ஆனாலும் அன்று மாலை பயிற்சி அழைப்பின் நடுவே மறுபடி அணைந்தது. அழத்தான் வந்தது. அதற்குப் பதில் ஒரு நோட்டை எடுத்தேன். எத்தனை மணி, விளக்கு என்ன நிறம், வீட்டில் என்ன ஓடுகிறது.

வியாழன் மதியத்துக்குள் ஒரு பக்கம் நிறைந்தது. படித்துப் பார்த்தால், ஒன்றல்ல, இரண்டு நோய். மிக்ஸி ஓடும்போது விளக்கு சிவக்கிறது, நின்றதும் தானே பச்சையாகிறது. அது மயக்கம். சில சமயம் சிவந்த கையோடு செத்தே போகிறது, அரைமணி கழித்துத்தான் உயிர் வருகிறது. செத்த ஒவ்வொரு முறையும் பக்கத்தில் கிறுக்கியிருந்தேன்: ஃபேன் வேகமாகச் சுத்துது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நான் அழைப்பில் இருக்கும்போது மட்டும்தான் அது சாகிறது.

ஆக, நான்தான். ஆனால் நோட்டு மடியில் விரிந்தே கிடந்தது. சரி, நானேதான் என்றால், அழைப்பில் இருக்கும்போது மட்டும் நான் அப்படி என்ன செய்கிறேன்?

கத்துகிறேன்.

கீழே போய்க் கணவரிடம், "மிக்ஸியைக் கொஞ்சம் ஓட்டுங்க," என்றேன்.

"உள்ள என்ன போட்டு?"

"ஒண்ணும் போடாம. நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்க."

மேலே வந்தேன். விளக்கு சிவந்தது. வாயைத் திறக்கவில்லை. பச்சையானது. மறுபடி சிவந்தது. "லைன் போச்சு" என்று கத்திவிட்டு, விளக்கைப் பார்க்காமல் படிக்கட்டில் தடதடவென்று இறங்கினேன்.

கடைசிப் படிக்குப் பக்கத்தில், மெயின் போர்டின் முன்னால், மூச்சு வாங்க மாமனார் நின்றிருந்தார். கை திருகு சுவிட்ச்மேல் இருந்தது.

"என்ன மாமா பண்றீங்க?"

"நீதானேம்மா லைன் போச்சுன்னு கத்தின? ஒண்ணாம் லைன்ல வோல்டேஜ் இறங்கியிருக்கும். மாடியை மூணாம் லைனுக்கு மாத்திட்டேன். ஃபேன் இப்ப நல்லா சுத்துதா?"

தண்ணீர் நிலையத்தில் முப்பது வருடம் பம்ப் ஓட்டியவர். அவருக்கு லைன் என்றால் கரண்ட். எங்கள் வீட்டுக்கு அது மூன்று லைனாக வருகிறது; மாடிக்கு எது என்பதை அந்தத் திருகு சுவிட்ச் மாற்றும். ரௌட்டரின் பெட்டி ஒன்றாம் லைனிலேயே இருக்க, என் பெட்டியை மட்டும் மூன்றுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். நெட் எந்த வழியாக வரும்?

"எத்தனை தடவை மாத்துனீங்க மாமா?"

"நீ கத்தும்போதெல்லாம். அப்புறம் தண்ணி மோட்டார் போடறப்ப பழையபடி வச்சிடுவேன். மூணாம் லைன் ரெண்டையும் தாங்காது."

சமையலறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். "மாமனாரும் மருமகளும் கூட்டு சேர்ந்து நெட்டை அறுத்திருக்கீங்க."

படியில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். யாரிடமும் இல்லாமல் கத்தியதாக நினைத்த ஒவ்வொரு முறையும், எழுபத்து மூன்று வயதுக் கால்கள் எனக்காக ஓடி வந்திருக்கின்றன.

வெள்ளி காலை வீட்டில் 'லைன்' என்ற சொல்லுக்குத் தடை போட்டேன். நெட் என்றால் நெட், கரண்ட் என்றால் கரண்ட். மிக்ஸிக்குப் பன்னிரண்டு மணிவரை ஓய்வு.

பதினொன்றே காலுக்கு நிஜமாகவே வோல்டேஜ் இறங்கியது. ஃபேன் சோம்பிக்கொண்டு சுற்றியது. கழுத்தில் வியர்வை வழிந்தது. விளக்கு பச்சையாகவே இருந்தது.

"போன தடவை பாதியில நின்னுபோச்சு," என்றார் நோயாளி. "அதையேதான் கேக்கறேன். எனக்குக் குணமாகுமா?"

கேள்வியைச் சொன்னேன். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். வாயைத் திறந்தார். பேசினார். ஒவ்வொரு சொல்லும் முழுசாக வந்து சேர்ந்தது.

"ஆகும்கிறார்," என்றேன். "ஆறு மாசம் பிடிக்குமாம். ஆனா ஆகும்."

நோயாளி மூச்சு விடுவதுகூடத் துல்லியமாகக் கேட்டது.

அழைப்பு முடிந்த பத்தாவது நிமிடம் மேற்பார்வையாளரிடமிருந்து திங்கட்கிழமைக்கான பட்டியல் வந்தது. நான்கு அழைப்புகள், நான்கிலும் நான்.

கீழே மாமனார் போர்டின் முன்னால் நாற்காலி போட்டு, இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வோல்டேஜ் இறங்கினப்ப கை என்னமா அரிச்சுது தெரியுமா. தொடலையே. லை... நெட்டு நிலைச்சுதா?"

"நிலைச்சுது மாமா. வேலையும் நிலைச்சுது."

கணவர் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "இந்தக் குழாய் மறுபடி ஒழுகுதே."

பழைய வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, கையில் இருந்த நோட்டில் புதுப் பக்கம் புரட்டினேன்.

"எப்பலேருந்து?" என்று கேட்டேன்.