வயிறு திறப்பு

வயிற்றைத் திறந்து காட்டாமல் எந்த விமானமும் பறக்கக் கூடாது என்ற சட்டத்தைப் போட்டவனே கோசாசிதான். இந்தோனேசியாவின் பண்டுங் நகரத்தில், யாயாட்டின் காப்பிக் கடை மாடியில், மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுகிற பதினான்கு பேருக்கும் அது சட்டம். கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றுக்குள் விமானம் கட்டிப் பறக்கவிடும் கூட்டம் அது. இறக்கையின் சாய்வு, எஞ்சினின் கனம், காற்றின் இழுப்பு என்று எல்லாவற்றையும் அந்த விளையாட்டு நிஜம்போலவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். தப்பாகக் கட்டினால் தயவு தாட்சண்யம் இல்லாமல் கீழே போடும்.

ஆனால் அதிலும் ஒரு திருட்டு வழி இருந்தது. ஜைரோ என்று ஒரு பாகம். அதை உள்ளே வைத்துவிட்டால் விமானம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிடித்து நிமிர்த்திவிடும். கடுகளவுக்குச் சுருக்கி ஒளித்துவைத்தாலும் தன் வேலையைச் செய்யும். இறக்கையைக் கோணல்மாணலாக ஒட்டியவனுக்குக்கூட மேதை என்ற பெயரை வாங்கித் தந்துவிடும். அதனால்தான் சட்டம். பறக்கவிடும் முன் சுவரில் மாட்டிய பெரிய டிவியில் விமானத்தின் தோலை உரித்துப் பாகங்களைக் காட்ட வேண்டும். கோசாசி கண்ணை இடுக்கிப் பார்த்துத் தலையாட்டினால்தான் ஓடுபாதைக்குப் போகலாம்.

கோசாசியின் விமானத்தை மட்டும் யாரும் திறக்கச் சொன்னதில்லை. இரட்டை எஞ்சின், ஆயிரத்து எண்ணூறு பாகம், ஜன்னல் ஓரத்துத் திரைச்சீலை வரைக்கும் அசல். அப்படி ஒரு மனிதரைப் போய்ச் சோதிப்பதா? போலீஸ்காரரிடம் லைசென்ஸ் கேட்கிற மாதிரி ஆகிவிடுமே என்று எல்லாரும் மரியாதையாக விட்டுவிட்டார்கள். அந்த மரியாதையின் அடியில், வால் நுனிக்குள், ஒன்றரை வருஷமாக ஒரு ஜைரோ உட்கார்ந்திருந்தது.

தரையிறக்கத்தைச் சோதித்துப் பார்க்க வைத்ததுதான். அடுத்த வாரம் எடுத்துவிடலாம் என்று நினைத்தான். அடுத்த வாரம் எல்லாரும் அவன் விமானத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். பிறகு எங்கே எடுப்பது?

இமாஸ் வந்தது அதற்குப் பிறகு. பார்சல் கம்பெனிக் கிடங்கில் வேன்களுக்குள் பெட்டி அடுக்குகிறவள். முப்பத்தாறு வயது. கூட்டத்தில் ஒரே பெண். எட்டு மாதம் உட்கார்ந்து, தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டே பாகம். வயிற்றைத் திறந்து காட்டினாள். யார் கண்ணுக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஏரியிலிருந்து மேலே கிளப்பியதும் இரண்டு கையையும் எடுத்துவிட்டு, பக்கத்துத் தட்டிலிருந்த பத்தாகோர் என்ற பொரித்த மீன் உருண்டையைக் கடலைச் சாற்றில் தோய்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். விமானம் பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

கோசாசி நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டுப் பார்த்தான். ஜைரோ வைத்தும் தன்னுடைய விமானம் அப்படிப் போனதில்லை.

"நல்லா ஒளிச்சிருக்கீங்க தேஹ்," என்றான். "எங்கன்னுதான் தெரியல."

"எதை காங்?" என்றாள். அந்த ஊர்ப் பேச்சில் அக்காவைத் தேஹ் என்றும் அண்ணனைக் காங் என்றும் கூப்பிடுவார்கள்.

"கையை விட்டுட்டுச் சாப்பிடற அளவுக்கு ஒரு பிளேன் போகுதுன்னா, உள்ள ஜைரோ இல்லாம போகாது. இத்தனை வருஷம் கட்டறேன், எனக்குத் தெரியாதா?"

"நான் வேன்ல பெட்டி அடுக்கறவ காங். கனத்தை எங்க வெக்கணும்னு கைக்குத் தெரியும். எஞ்சினைக் கொஞ்சம் முன்னாடி வெச்சேன், இறக்கை நுனியைக் கொஞ்சம் மேல தூக்கினேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அப்ப நாங்கள்லாம் இத்தனை நாளா இங்க உக்காந்து கொசுவா அடிச்சிட்டு இருந்தோம்?"

மாடியே சிரித்தது. யாயாட்டின் சிரிப்புதான் எல்லாருக்கும் மேலே கேட்டது. இமாஸும் முதலில் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தாள். வேடிக்கைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். இல்லை என்று தெரிந்ததும் அவள் முகம் சுண்டிப்போயிற்று. மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, தட்டில் பாதியை அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் பண்டுங்கில் பேய்மழை. கோசாசியின் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அவன் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, கட்டியவர்கள் தங்கள் விமானங்களைப் பகிர்ந்துவைக்கும் தளத்திலிருந்து, போன ஞாயிறு காலை இமாஸ் ஏற்றிவைத்திருந்த விமானத்தை இறக்கினான். அவளைக் கையும் களவுமாகப் பிடித்து, படம் எடுத்து, கூட்டத்தின் வாட்ஸ்அப்பில் போட வேண்டும். எண்ணம் அதுதான், அதில் கொஞ்சம்கூட நல்லெண்ணம் கலந்திருக்கவில்லை.

ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்த்தான். நானூற்றுப் பன்னிரண்டையும் பார்த்தான். இருக்கையைப் புரட்டினான், மிதவைகளுக்குள் தேடினான். ஜைரோ இல்லை. கனம் முன்னால் இருந்தது, இறக்கை நுனிகள் மேலே தூக்கியிருந்தன. அவள் சொன்ன அவ்வளவுதான்.

நம்பாமல் பறக்கவிட்டுப் பார்த்தான். வேண்டுமென்றே பக்கக் காற்றைக் கூட்டி அடிக்கவிட்டான். விமானம் சாய்ந்தது, தண்ணீரில் அமுக்கிய தக்கைபோலத் தானே நிமிர்ந்தது. மறுபடியும் சாய்த்தான். மறுபடியும் நிமிர்ந்தது. என்ன அழகாகக் கட்டியிருக்கிறாள் என்று ஒரு நிமிஷம் தன்னை மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த நிமிஷமே முகம் எரிந்தது.

பிறகு தன்னுடைய விமானத்தைத் திறந்து ஜைரோவை எடுத்துவிட்டுப் பறக்கவிட்டான். ஓடுபாதையின் முடிவைத் தாண்டுவதற்குள் ஒருபக்கமாகப் புரண்டு, திரைச்சீலை ஜன்னல் எல்லாம் சேர்ந்து நொறுங்கியது. ஐந்து தடவை முயன்றான். ஐந்து தடவையும் அதே கதி. ஆறாவது தடவை ஜைரோவை அதே இடத்தில் திருப்பி வைத்தான்.

வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். 'இமாஸ் விமானம் சுத்தம், தப்பு என்னுடையது' என்று எழுதியும் விட்டான். அனுப்பவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், அப்புறம் உன்னுடையதைத் திற என்பார்கள் என்று பயந்தான். திங்கட்கிழமை பார்த்தபோது தளத்தில் அவள் விமானமே இல்லை. எடுத்துவிட்டிருந்தாள்.

இரண்டு மாதம் அப்படியே போயிற்று. நான்கு ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். நான்கிலும் கோசாசிதான் மற்றவர்களின் விமானங்களுக்குத் தலையாட்டினான். வெட்கம் இல்லையா என்றால், இருந்தது. இருந்தும் ஆட்டினான்.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை இமாஸ் படியேறி வந்தாள். யாயாட் கடையிலிருந்து போன் போட்டு இரண்டு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறான். தேஹ் இல்லாமல் மாடி களைகட்டவில்லை என்று. அவள் யாரிடமும் கோபத்தைக் காட்டவில்லை. சிரித்த முகமாக எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, யாரும் கேட்பதற்கு முன்னால் தானே மடிக்கணினியை டிவியில் மாட்டி விமானத்தின் வயிற்றைத் திறந்தாள்.

"ஒண்ணொண்ணா காட்டறேன்," என்றாள். "நேரம் ஆகும். பொறுத்துக்கோங்க."

ஒவ்வொரு பாகமாகக் கழற்றி ஓரமாக வைத்தாள். சந்தைக்குப் போன பெண்ணைப் பையைக் கொட்டிக் காட்டச் சொன்னதுபோல இருந்தது. பாதியிலேயே யாயாட், "போதும் தேஹ், விடுங்க," என்றான். அவள் விடவில்லை. கடைசித் திருகு வரைக்கும் காட்டி முடித்துவிட்டுத்தான் ஏரியில் இறக்கினாள்.

விமானம் கிளம்பியதும் மூக்கைத் தூக்கியது, உடனே கவிழ்த்தது. இடப்பக்கம் சாய்ந்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வலப்பக்கம் சாய்ந்தது. நெற்றி வேர்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, கீழே விழுந்துவிடாமல் ஒரு சுற்றைச் சுற்றி, தண்ணீரில் மூன்று தடவை எகிறி எகிறி இறக்கினாள். மாடியே கைதட்டியது.

"இது பிளேன்," என்றான் யாயாட். "போன தடவை என்னமோ லிஃப்ட்ல போற மாதிரில்ல போச்சு."

இமாஸ் கோசாசியின் பக்கம் திரும்பினாள். "இப்ப ஆடுது காங். எஞ்சினைப் பின்னாடி தள்ளிட்டேன், இறக்கையையும் கீழ இறக்கிட்டேன். இனிமே யாருக்கும் சந்தேகம் வராதுல்ல?"

குத்திக்காட்டுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தான். இல்லை. நிஜமாகவே கேட்டாள். இந்தப் பதின்மூன்று பேரோடு திரும்ப வந்து உட்கார, தான் கட்டியதைத் தானே கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவன் தலையாட்ட வேண்டும். எல்லாரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். கழுத்து அசையவில்லை.

எழுந்து போய்த் தன்னுடைய மடிக்கணினியை டிவியில் மாட்டினான். இரட்டை எஞ்சின் விமானத்தின் வால் தோலை உரித்தான். நுனிக்குள் இருந்ததைப் பெரிதாக்கிக் காட்டினான்.

யாயாட்தான் முதலில் சுதாரித்தான். "டெஸ்ட்டுக்கு வெச்சு, எடுக்க மறந்துட்டீங்களா காங்?"

அவன் பாவம், நல்ல மனசோடு ஒரு கயிற்றை வீசினான். கோசாசி அதை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"ஆமா," என்றான். "மறந்துட்டேன்."

சட்டென்று மாடி லேசாகிவிட்டது. மறதிதானே, யாருக்குத்தான் இல்லை? தானே எழுந்து போய்த் திறந்து காட்டினாரே, அதற்கே ஒரு மனசு வேண்டும் என்றார்கள். அபராதமாக எல்லாருக்கும் சூடாகப் பாண்ட்ரெக் என்று யாயாட் கீழே குரல் கொடுத்தான். இஞ்சிச் சாறு மணக்க மணக்க வந்தது. இமாஸும் ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு, "பரவால்ல காங், விடுங்க," என்றாள். ஒப்புக்கொண்டு, அதற்கும் பாராட்டு வாங்கிவிட்டோமே என்று கோசாசிக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்ததுதான் அதைவிடக் கேவலம்.

அப்போதுதான் இமாஸ் கேட்டாள்.

"உங்கள்ல யாராவது என்னோட பழைய பிளேனை எறக்கி வெச்சிருக்கீங்களா? ஒரு வாரம் பொறுத்துப் பாத்துட்டு, திங்கக்கிழமை கோவத்துல தளத்துலேர்ந்து தூக்கிட்டேன். என் மிஷின்ல இருந்ததையும், இதை மாத்தறப்ப அதே பேர்ல சேவ் பண்ணித் தொலைச்சிட்டேன். அளவு எதையும் எழுதி வெக்கல. எட்டு மாச வேலை. திரும்பக் கட்டிப் பாத்தேன், வரமாட்டேங்குது."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராக உதட்டைப் பிதுக்கினார்கள். கள்ள விமானம் என்று கோசாசி சொல்லிவிட்ட பிறகு அதை யார் இறக்கிவைப்பார்கள்?

சும்மா இருந்தால் போதும். பாண்ட்ரெக்கைக் குடித்து முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தால் இந்தப் பேச்சு தானாக அடங்கிவிடும். நேற்றுத்தான் எங்கிருந்தோ கிடைத்தது என்று புளுகலாமா என்றும் ஒரு கணம் யோசித்தான். அதற்கு வழியில்லை. அந்த விமானம் அவர்கள் சிரித்த ஞாயிறு தொடங்கி எட்டே நாள்தான் தளத்தில் இருந்தது. யாரிடமாவது இருந்தால், அந்த எட்டு நாளுக்குள் எடுத்ததாகத்தான் இருக்க முடியும். இருக்கிறது என்று சொன்னால் மற்றதெல்லாம் தானாக வெளியே வந்துவிடும். இல்லை என்றால் அது செத்தது செத்ததுதான்.

"போனா போகுது," என்று இமாஸ் பையை எடுத்தாள்.

"எங்கிட்ட இருக்கு," என்றான் கோசாசி.

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. குனிந்து தேடி ஒரு பென்டிரைவில் ஏற்றினான். அதற்குள் அந்த முகம் மெல்ல மாறிக்கொண்டு வந்தது.

"எப்ப எறக்கினீங்க காங்?"

"நீங்க போனதுக்கு அடுத்த சனிக்கிழமை."

"திறந்து பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எல்லாத்தையுமா?"

"நானூத்திப் பன்னெண்டையும்."

யாயாட் ஏதோ சொல்ல வாயெடுத்து, முழுங்கிக்கொண்டான். இந்த முறை வீச அவனிடம் கயிறு இல்லை.

"அப்ப உங்களுக்குத் தெரியும்," என்றாள் இமாஸ். "நாலு வாட்டி கூடியிருக்கீங்க. தெரிஞ்சேதான் உக்காந்திருந்தீங்க."

"தெரியும் தேஹ். அதுவும் மறதி இல்ல, இந்த ஜைரோவும் மறதி இல்ல."

சொல்லிவிட்டு பென்டிரைவை நீட்டினான். திட்டினாலும் பரவாயில்லை, கோப்பையைத் தூக்கி முகத்தில் ஊற்றினாலும் பரவாயில்லை என்று காத்திருந்தான். அவள் வாங்கிப் பைக்குள் பத்திரமாக வைத்து ஜிப்பை இழுத்தாள். படிக்கட்டு வரைக்கும் போனவள் நின்றாள்.

"கட்டறதுக்கு எட்டு மாசம் ஆச்சு காங்," என்றாள். குரல் உயரவே இல்லை. "அதைக் கெடுக்கறதுக்குப் பட்ட பாடு இருக்கே, அதுதான் பெரிய பாடு. எங்க மாத்தினாலும் அது பாட்டுக்கு நிமிர்ந்துக்கிச்சு. உக்காந்து அழுதுக்கிட்டேதான் கெடுத்தேன்."

செருப்புச் சத்தம் படி படியாகக் கீழே இறங்கியது. மாடியில் யாரும் கோசாசியைப் பார்க்கவில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாதே என்றுதான் அவனும் வேண்டிக்கொண்டு நின்றான்.