மாவ்பிக் காட்டில் உடைந்த தேங்காய்

ரங்கூனுக்கு வடக்கே இருக்கிற மாவ்பியில் பாலைவனம் ஏது என்று கேட்பவர்கள், இருபத்தாறாம் வருஷத்துச் சித்திரையில் அந்தப் பக்கம் போகாதவர்கள். ரயிலடியிலிருந்து மாட்டு வண்டி வடக்கே போகப் போக வயல் முடிந்தது, புல் முடிந்தது, கடைசியில் மண்ணே முடிந்து வெறும் செம்புறாங்கல்தான் மிச்சம் இருந்தது. வெயிலுக்குப் பயந்து வண்டியின் நிழல்கூட அச்சுக்கடியில் பதுங்கிக்கொண்டது. எங்கிருந்தோ வந்த காக்கை ஒன்று கீழே பார்த்து, யோசித்து, வந்த வழியே ரங்கூனுக்குத் திரும்பிவிட்டது.

வண்டியில் ரத்தினம்மாள் இருந்தாள். ரங்கூனில் லத்தா பக்கம் ஆப்பக்கடை போட்டிருப்பவள். தேங்காயை உள்ளங்கையில் ஏந்தி அரிவாளின் முதுகால் ஒரே தட்டுத் தட்டினால் சரிபாதியாகப் பிளக்கும். அந்தச் சத்தத்தை வைத்து எதிர்க்கடைச் சீனர் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார் என்று தெருவில் பேச்சு. பக்கத்தில் ஒரே மகன் நல்லையா, இன்சீன் ரயில் பட்டறையில் ஃபிட்டர். கன்யின் மரத்து எண்ணெய் விற்க இன்சீன் சந்தைக்கு வந்த பெண்ணைப் பார்த்த நாளிலிருந்து அவன் சாப்பாடு குருவிக்குக்கூடப் போதாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. அவள் கிடைக்காவிட்டால் மலாயாவுக்குக் கப்பலேறிவிடுவதாகச் சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்கிற பிள்ளை. அதற்குப் பயந்துதான் ரத்தினம்மாள் வண்டியேறினாள்.

பெண்ணின் அப்பா ஊ போ தாங் பர்மாக்காரர். அம்மா பவுனம்மாள் தமிழச்சி. பெண்ணை அவர் மா ஸ்வே என்பார், இவள் சொர்ணம் என்பாள்; இரண்டுக்கும் அர்த்தம் தங்கம்தான். எண்ணெய் எடுக்கிற கோடையில் காட்டை விட்டு வர முடியாது, ஒரு ராத்திரி நம் கொட்டகையில் தங்கி எங்கள் பிழைப்பைப் பாருங்கள், விடிந்ததும் பதில் சொல்கிறேன் என்று அவர் ஆள் அனுப்பியிருந்தார்.

அந்தக் கல்லாந்தரையைத் தாண்டிக் காட்டுக்குள் இருந்த கொட்டகைக்குச் சுவர் கிடையாது. மூங்கில் கால்கள்மேல் காட்டிலைக் கூரை, அவ்வளவுதான். சுற்றி நின்ற கன்யின் மரங்களோ, உச்சியைப் பார்க்க அண்ணாந்தவன் மல்லாந்து விழுந்தால்தான் பாதி மரம் தெரியும் என்கிற உயரம். ஒவ்வொன்றின் அடியிலும் கோடரியால் வெட்டிய ஒரு வாய். அதற்குள் தீ வைத்து அணைத்தால்தான் எண்ணெய் ஊறும். பிளந்த வாயோடு, கரி பூசிய உதட்டோடு அத்தனை மரங்களும் தன்னையே பார்ப்பதுபோல் ரத்தினம்மாளுக்குப் பட்டது.

வெயில் தாழ்ந்ததும் ஊ போ தாங் மகளையும் நல்லையாவையும் கூட்டிக்கொண்டு மரங்களுக்குத் தீ வைக்கப் போனார். பவுனம்மாள் குடத்தோடு ஊற்றுக்குப் போனாள். தனியாக இருந்த ரத்தினம்மாளின் கண்ணில், மூலைக்காலில் சிவப்புத் துணி சுற்றித் தொங்கிய தேங்காய் பட்டது.

சாமிக்கென்று முடிந்து வைத்த தேங்காய், உடைக்கத்தான் ஆளில்லை என்று முடிவுகட்டினாள். தேங்காயையும் சிவப்புத் துணியையும் சேர்த்துப் பார்த்த தமிழச்சிக்கு வேறென்ன தோன்றும்? மகன் காரியம் கூடி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பெரிய மரத்தின் முன்னால் கல்லில் ஓங்கி அடித்தாள்.

உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பருப்பு கறுத்து, அழுகி, நாறியது.

கல்யாணப் பேச்சுக்கு உடைத்த காய் அழுகல். இது நல்லையாவுக்குத் தெரியக்கூடாது. சில்லுகளைப் பொறுக்கித் துணிமூட்டைக்குள் திணித்தாள். அடுப்படியில் கிடந்த சின்ன மண்கலயத்தை எடுத்துச் சிவப்புத் துணியில் சுற்றினாள். வெறுங்கலயம் தொங்கவிடுவது அதைவிடக் கெட்ட சகுனமாயிற்றே என்று, ரங்கூனிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை அதில் நிரப்பி, வாயை இறுக்கிக் கட்டித் தொங்கவிட்டாள்.

இருட்டிய பிறகு அதன் கீழேதான் சாப்பாடு போட்டார்கள். வெளியே அணைந்த மரவாய்களில் கங்கு மட்டும் விழித்துக்கொண்டிருந்தது. ஊ போ தாங் நல்ல மனநிலையில் இருந்தார். மேலே கையைக் காட்டி, தனக்குத் தெரிந்த தமிழில் அந்தத் தேங்காயின் கதையைத் தொடங்கினார். அது பர்மாக்காரர் வீட்டைக் காக்கிற நாட் சாமியுடையது. அந்தக் காலத்து ராஜா ஒருவன் நெருப்பில் போட்டுக் கொன்ற கொல்லன் அவர். இன்றைக்கும் அவர் உடம்பு எரிகிறது. தேங்காய்த் தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது. தீயோடு பிழைக்கிற தன்னைப் போன்றவன் அதை உடைப்பதென்ன, நகத்தால் கீறவும் மாட்டான்.

ரத்தினம்மாள் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்கினாள். கலயம் வேர்த்திருந்தது. துணியின் நுனியில் ஒரு துளி திரண்டு, பருத்து, ஒரு யுகம் யோசித்து, ஊ போ தாங்கின் புறங்கையில் விழுந்தது.

அவர் பேச்சை நிறுத்தினார். இன்னொரு துளி. மெல்ல மண்டியிட்டுக் கைகூப்பினார்.

"அழுவுறாரு," என்றார். "இத்தனை வருசத்துல அழுவல. பொண்ணு கேக்க வந்த அன்னைக்கு அழுவுறாரு. இது வேணாம் அம்மா. நீங்க போங்க."

சொர்ணம் தட்டைக் கீழே வைத்தாள். நல்லையா எச்சில் கையோடு எழுந்தான். அம்மாவைக்கூடப் பார்க்கவில்லை. "கப்பல் புதன்கிழமை இருக்கு, ஆத்தா," என்றான்.

வாயைத் திறந்தால் சாமிக் குத்தம், திறக்காவிட்டால் மகன் போய்விடுவான். அந்த ஒரு கணத்தில் ரத்தினம்மாளுக்குப் பத்து வயது கூடிவிட்டது என்பார்கள். அதில் மிகையே இல்லை.

"உக்காருடா," என்றாள். "அழுவுறது சாமி இல்ல. நான் கட்டுன கலயம்."

எல்லாவற்றையும் சொன்னாள். ஊ போ தாங் எழுந்து துணியை அவிழ்த்தார். கலயத்தைப் பார்த்தார். இடுப்பில் தா என்கிற நீளக்கத்தி. கை அதன்மேல் இருந்தது, அது அங்கே இருப்பது அவருக்கே தெரியவில்லை. காய் எங்கே என்று கேட்டார். ரத்தினம்மாள் மூட்டையை அவிழ்த்துச் சில்லுகளைப் பவுனம்மாளின் முன்னால் வைத்தாள்.

"அக்கா, மவன் காரியத்துக்கு ஒடச்சேன். அழுகலா வந்துருச்சு. என் மனசு என்ன பாடுபடும்னு உங்களுக்காச்சும் தெரியும்."

பவுனம்மாள் ஒரு சில்லை எடுத்து முகர்ந்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். அந்தத் திரும்பலில் காற்றே நின்றுவிட்டது.

"கார்த்திகையிலேருந்து சொல்றேன், காயை மாத்துங்கன்னு. நாளைக்கு, நாளைக்கு. ஒரு நாளாச்சும் ஆட்டிப் பாத்தீங்களா? வெந்துபோன சாமிக்குச் சொட்டுத் தண்ணி இல்லாம அழுகலைக் கட்டித் தொங்கவிட்டுட்டு, வந்தவங்களை வெரட்டுறீங்களே. இது அவ கெட்ட நேரமா, உங்க சோம்பேறித்தனமா?"

ஊ போ தாங் சில்லுகளைப் பார்த்தார், வெளியே கங்குகளைப் பார்த்தார், நெடுநேரம் கையிலிருந்த கலயத்தையே பார்த்தார். அது அவர் விரல்களை நனைத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர் கலயத்துக்குச் சிவப்புத் துணியை மறுபடி சுற்றி, தாமே அதை மூலைக்காலில் கட்டினார். மண்டியிட்டுப் பர்மியத்தில் ஏதோ முணுமுணுத்தார். இத்தனை நாள் தண்ணீரில்லாமல் எரிய விட்டதற்குச் சாமியிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று சொர்ணம் நல்லையாவின் காதில் சொன்னாள். நல்லையா உட்கார்ந்தான். பதில் என்ன என்று பவுனம்மாள் கேட்டதற்கு, விடியட்டும் என்று மட்டும் சொல்லிப் படுத்துக்கொண்டார்.

ரத்தினம்மாள் கண்ணை மூடவில்லை. சொட்டுச் சொட்டாக விழுந்த சத்தம் ரங்கூன் துறைமுகம்வரை கேட்டிருக்கும்.

விடிந்ததும் ஊ போ தாங் வண்டியைப் பூட்டினார். மாவ்பிச் சந்தையில் நல்ல தேங்காயாகப் பார்த்து வாங்கிவரும்படி நல்லையாவிடம் சொன்னார். பிறகு மகளைக் கூப்பிட்டு, "நீயும் ஏறிக்க," என்றார். "ஆட்டிப் பாத்து வாங்க ரெண்டு பேர் வேணும்."

தேங்காய் விஷயத்தில் ரங்கூனுக்கே வழிகாட்டியான ரத்தினம்மாள், நானும் வருகிறேன் என்று துள்ளி எழுந்தாள். பவுனம்மாள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க, சம்பந்தி."