மூடக் கூடாத டெர்மினல்

அமரவிளையில் ஒரு சிறிய டயாலிசிஸ் மையத்தின் கணினிகளை ஜீனா கவனித்து வந்தாள். அன்று மத்தியானம் புதிதாக வந்த ரிப்போர்ட் புரோகிராம் திறக்க மறுத்தது. தனக்கு வேண்டிய லைப்ரரியைக் காணவில்லை என்றது. லைப்ரரி என்பது பல புரோகிராம்கள் பொதுவாக எடுத்து உபயோகிக்கும் கோப்பு. அந்தப் புரோகிராமைச் செய்த கம்பெனி தந்த ஃபோல்டரில் அது இருந்தது. எல்லா புரோகிராம்களும் முதலில் அந்த ஃபோல்டரில் தேடட்டும் என்று கணினியின் பொது அமைப்பில் ஜீனா ஒரு தனிக் கோப்பு உண்டாக்கி ஒரே ஒரு வரி சேர்த்தாள்.

ரிப்போர்ட் அப்போதும் திறக்கவில்லை. வேறெதுவும் திறக்கவில்லை. டெர்மினல் என்ற கட்டளை ஜன்னலில் அடித்த ஒவ்வொன்றுக்கும் பிழைதான் வந்தது. எல்லாவற்றுக்கும் அடிப்படையான லைப்ரரியின் பழைய பிரதி ஒன்றும் அந்த ஃபோல்டரில் கிடந்திருக்கிறது. இப்போது கணினி முழுக்க அதைத்தான் எடுக்கிறது.

அதே கணினியில் ஓடும் தண்ணீர்த் திரையை ஜீனா பார்த்தாள். மெஷின்களுக்குப் போகும் தண்ணீரின் குளோரின் அளவு அதில் பச்சையாகத் தெரிந்தது. பக்கத்தில் ஓடவேண்டிய நேரம் ஓடவில்லை; புது அளவை எடுத்துவரும் சிறு புரோகிராமும் திறக்கவில்லை. குளோரின் கூடினால் நோயாளிகளின் ரத்தம் சிதையும். கண்ணாடிக்கு அப்பால் ஜன்னலோரப் படுக்கையில் அவள் அப்பா நேசையனும் டயாலிசிஸில் கண்மூடிக் கிடந்தார்.

நர்ஸ் விஜயம்மா எட்டிப் பார்த்தாள். "தண்ணி சரியாட்டுதானே இருக்கு மக்கா?"

ஆமா என்று சொல்ல வாய் வந்தது.

"இல்லக்கா. அது பழைய நம்பராக்கும். இப்பம் தண்ணி எப்படி இருக்குண்ணு எனக்குத் தெரியாது. நான் ஒண்ணு மாத்தினேன், எல்லாம் நின்னு போச்சு."

விஜயம்மாவின் முகம் வெளிறியது. "நான் கையால டெஸ்ட் பண்ணிப் பாக்கியேன். கொஞ்சம் கூடுதலா இருந்தாலும் எல்லாத்தையும் நிறுத்திருவேன்" என்று தண்ணீர் அறைக்கு ஓடினாள்.

வெளியே இடி இடித்தது. விளக்குகள் ஒருமுறை மங்கி எரிந்தன. முன்பு இதே வேலையில் இருந்த ரெஜியை ஜீனா போனில் கூப்பிட்டாள்.

"திறந்து கெடக்கிய டெர்மினலை அடச்சிராத," என்றான் ரெஜி. "அடச்சா பின்ன உள்ள கேற முடியாது. யுபிஎஸ் உண்டா?"

"உண்டு. பழசாக்கும். கறண்டு போனா தாங்காது அண்ணா. எனக்குப் பயமாட்டு இருக்கு."

"அந்த வரிய முதல்ல..." லைன் அறுந்தது.

வரியை நீக்க வேண்டும். ஆனால் நீக்கும் கட்டளையே ஓடாதே! டெர்மினல் மட்டும் முன்பே திறந்து ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் புதிதாக எந்த லைப்ரரியும் வேண்டாம். ஒரு கோப்பைக் காலியாக்க அதனிடமே ஒரு குறி உண்டு. அந்தக் குறியையும் தான் வரி சேர்த்த கோப்பின் பெயரையும் எழுத்தெழுத்தாக அடித்தாள். பிழை வரவில்லை. தேடும் இடங்களைப் புதுப்பிக்கும் கட்டளை எந்த லைப்ரரியையும் நம்பி இருப்பதல்ல. அதையும் அடித்தாள்.

தண்ணீர்த் திரையில் நேரம் நகர்ந்தது. புதிய எண் வந்தது. அதுவும் பச்சை.

விஜயம்மா சோதனைக் காகிதத்தைப் பிடித்தபடி வந்தாள். "தண்ணி நல்லா இருக்கு." சொல்லிவிட்டு சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ஜீனா அப்பாவிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"அம்மைட்ட சொல்லாத," என்றார்.

அன்று அவள் எதையும் தொடவில்லை. மறுநாள் படுக்கைகள் காலியான பிறகு, வேண்டிய ஒரே கோப்பைத் தனி ஃபோல்டரில் வைத்து, ரிப்போர்ட் புரோகிராமுக்கு மட்டும் அங்கே தேடச் சொன்னாள். அது திறந்தபோதும் அவள் முதலில் பார்த்தது தண்ணீர்த் திரையில் நேரம் ஓடுகிறதா என்றுதான்.